குன்றிமணிக் குடமும் அரசரின் கடைவாய்ப் பல்லும்

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. எந்த நாடு என்று கேட்காதீர்கள். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அந்த நாட்டை மருதவர்மன் என்ற அரசர் ஆண்டு வந்தார். நல்ல மனிதர். குடிகளை வதைத்தவர் இல்லை, அநியாய வரி போட்டவர் இல்லை. ஒரே ஒரு குறைதான். தம்மைப் பற்றி யாராவது ஒரு சொல் குறையாகச் சொன்னது காதில் விழுந்துவிட்டால், அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்காது.

அந்த வருஷம் தேர்த் திருவிழாவில், வடம் பிடிப்பவர்களுக்கு நிழலாக இருக்கட்டும் என்று வழக்கமான வீதியை விட்டுத் தோப்பு வீதியில் தேரை விடச் சொன்னார் அரசர். தோப்பு வீதியில் நிழல் இருந்தது. சேறும் இருந்தது. தேர்ச் சக்கரம் அச்சு வரை இறங்கி, சுவாமி நடுத்தெருவில் நாள்கணக்கில் நின்றார். "ராசாவுக்கு எதுக்கு இந்த வேலை?" என்று ஊரே பேசியது. ஒற்றர்கள் அதை அப்படியே கொண்டுவந்து அரசர் காதில் போட்டார்கள். அவர் படுத்த படுக்கையாகிவிட்டார்.

அப்போதுதான் பிரதானி பூவராகர் ஒரு யோசனையோடு வந்தார். பிரதானி என்றால் அமைச்சர்களுக்கெல்லாம் தலைமை. வெண்ணெய் போலப் பேசுவார். அந்த வெண்ணெயில் வழுக்கி விழுந்தவர்கள் அரண்மனையில் ஏராளம்.

"அரசே, தாங்களாக முடிவெடுப்பதால்தானே பழி தங்கள் மேல் விழுகிறது? இனி எதுவானாலும் மக்களையே கேட்டுவிடுவோம். கடைவீதியில் ஒரு குடத்தை வைப்போம். தண்டோரா போட்டுக் கேள்வியைச் சொல்வோம். சம்மதம் என்பவர்கள் குன்றிமணி போடட்டும், வேண்டாம் என்பவர்கள் புளியங்கொட்டை போடட்டும். எது அதிகமோ அதுவே அரசாணை. நன்றாக முடிந்தால் மன்னர் வாழ்க என்பார்கள். கெட்டுப்போனால் தங்களை யார் குறை சொல்ல முடியும்?"

அரசர் படுக்கையிலிருந்து துள்ளி எழுந்தார். அன்றே கேள்விக்குடம் வந்துவிட்டது. கோட்டைக் கொடிக்குப் பச்சையா மஞ்சளா என்று கேட்டார்கள். பட்டத்து யானைக்குப் புது மணி கட்டலாமா என்று கேட்டார்கள். குடம் பதில் சொன்னது. எல்லோரும் மகிழ்ந்தார்கள். அரசர் இரண்டு கன்னமும் உப்ப அதிரசம் தின்றார்.

அந்த அரண்மனையில் ஐயாறன் என்று ஒரு விகடகவி இருந்தான். அரசரைச் சிரிக்க வைப்பது அவன் வேலை. சிரிக்கும்போது மனிதன் காதைப் பொத்திக்கொள்வதில்லை என்று அவனுக்குத் தெரியும். அதனால் மற்றவர்கள் சொல்லப் பயப்படுவதையெல்லாம் அந்த நேரம் பார்த்துச் சொல்லிவிடுவான். இதனாலேயே பிரதானிக்கு அவனைக் கண்டால் எரியும். 'கோமாளிக்கு அரசர் பக்கத்தில் ஆசனம், எனக்கு எதிரிலா?' என்று அவர் பொருமாத நாள் கிடையாது.

ஐயாறனுக்குச் சொந்த ஊர் கீழக்குடி. தலைநகருக்குக் கிழக்கே பெரிய ஏரி, ஏரிக்கரைக்கு அடியில் பள்ளத்தில் கீழக்குடி. அவன் தங்கை செங்கமலம் அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். புரட்டாசியில் அவளுக்குப் பிள்ளை பிறந்து, பெயர் வைக்க ஐயாறன் போயிருந்தான். பிள்ளையைக் கொஞ்சிவிட்டுக் கொல்லைப்பக்கம் கை கழுவப் போனவன் அப்படியே நின்றுவிட்டான். கரையின் அடிப்பாகம் நனைந்து கிடந்தது. காலை வைத்தால் மண் பொதபொதவென்று உள்வாங்கியது.

"என்னம்மா இது?"

"ஆடி மாசத்துலேருந்து இப்பிடித்தான் அண்ணே கசியுது. ஏரி இன்னும் பாதிகூட நெறையல. முழுசா நெறைஞ்சா என்ன ஆவும்னு நெனைச்சு ராத்திரியில தூக்கமே வரல. இவுரு போயி அதிகாரிங்ககிட்ட சொன்னாரு. பாக்குறோம், போங்கன்னுட்டாங்க." செங்கமலம் தூளியை ஆட்டிக்கொண்டே சொன்னாள். தூளி தொங்கிய கூரை, கரையின் பாதி உயரத்துக்குக்கூட இல்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் ஐயாறன் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தான். ஐப்பசி மழை பிறப்பதற்குள் கரையைப் பலப்படுத்தி உயர்த்தியாக வேண்டும். அதற்கு வீட்டுக்கு ஓர் ஆள் வந்து, ஏரிக்குள் வண்டல் வெட்டி, கூடையில் சுமந்து கரையில் கொட்ட வேண்டும். அந்தக் காலத்தில் ஏரி வேலை என்றால் ஊர் முழுக்கக் கூடிச் செய்வதுதான்.

நேராக அரசரிடம் போய்ச் சொன்னான். அரசர் பதறித்தான் போனார். "உடனே வேலை தொடங்கட்டும்!" என்றவர், அடுத்த மூச்சிலேயே, "எதற்கும் குடத்தை ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்" என்றார். கேட்கும் பொறுப்பு பிரதானியுடையது.

இங்கே ஒரு சங்கதியைச் சொல்லியாக வேண்டும். ஏரியின் மேல்கரையோரம், தண்ணீர் நிற்க வேண்டிய இடத்திலேயே பிரதானி கரும்பு போட்டிருந்தார். கரை தாழ்ந்தே இருந்தால் தண்ணீர் அவ்வளவு தூரம் ஏறாது, கரும்பு செழிக்கும். கரை உயர்ந்தால் கரும்புக்குள் மீன் நீந்தும். ஊரில் எல்லோருக்கும் இது தெரியும், அரசருக்கு மட்டும் தெரியாது. பிரதானியைப் பற்றி அரசரிடம் யார் வாய் திறப்பார்கள்?

பூவராகர் குடத்தைப் பூக்கடை வீதியில் வைத்தார். கோட்டைக்குப் பக்கத்தில் மேட்டில் இருக்கும் வீதி அது. தண்டோராக்காரன் அவர் சொல்லிக் கொடுத்தபடி கூவினான்: "சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது! கொளுத்துகிற வெயிலில், முதுகு ஒடிய, வீட்டுக்கு ஓர் ஆள் மண் சுமக்கச் சம்மதமா? சம்மதமானால் குன்றிமணி, இல்லையானால் புளியங்கொட்டை!"

யார் குன்றிமணி போடுவார்கள்? புளியங்கொட்டை குடத்தை நிறைத்து வழிந்து தெருவில் உருண்டது. மறுநாள் சபையில் குடத்தைக் கவிழ்த்துக் காட்டினார் பிரதானி.

"மக்கள் தீர்ப்பு, அரசே. ஏரி வேலை வேண்டாம் என்கிறார்கள்."

"வேண்டாம் என்றால் விட்டுவிடுவோம்" என்றார் அரசர், பெரிய பாரம் இறங்கியவர் போல.

ஐயாறன் எழுந்தான். வழக்கமாக அவன் எழுந்தால் சபை முன்கூட்டியே சிரிக்கத் தயாராகும். அன்று அவன் முகத்தைப் பார்த்ததும் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

"அரசே, குடத்தில் விழுந்தது புளியங்கொட்டை. ஏரியில் விழப்போவது மழை. அது குடத்தைக் கேட்டுக்கொண்டு பெய்யாது."

"கேட்டீர்களா அரசே!" என்று பிரதானி இரண்டு கைகளையும் விரித்தார். "நாட்டு மக்கள் ஒரே குரலில் சொன்னதை ஒரு விகடக்காரர் எதிர்க்கிறார். மக்களுக்கு அறிவில்லை என்கிறார்!"

"மக்களுக்கு அறிவில்லை என்று நான் சொல்லவில்லை, பிரதானி அவர்களே. கேட்டவருக்கு நேர்மையில்லை என்கிறேன். குடத்தை எங்கே வைத்தீர்கள்? மேட்டு வீதியில். ஏரி உடைந்தால் அங்கே தண்ணீர் வராது, அழுகைச் சத்தம்கூட வராது. கீழக்குடியில் ஏன் வைக்கவில்லை?"

"கீழக்குடிக்குப் பாதை சரியில்லை. குடம் உடைந்துவிடும்."

"கரை உடைந்தால் பரவாயில்லை, குடம் உடையக் கூடாது!"

சபையில் யாரோ கிளுக்கென்று சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார்கள். அரசர் கையை உயர்த்தினார். "போதும், ஐயாறா. தேரை என் இஷ்டத்துக்கு விட்டபோது ஊரே கைகொட்டிச் சிரித்தது. நீயும்தான் சிரித்தாய்."

"சிரித்தேன், அரசே. இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று நீங்கள் தவறு செய்தீர்கள். ஆனால் அது நீங்கள் செய்த தவறு. இன்று தவறும் செய்கிறீர்கள், அதைப் பூக்கடை வீதிக்காரர்கள் தலையிலும் கட்டுகிறீர்கள். மக்கள் பேச்சைக் கேட்கும் அரசர் இப்படியிருக்க மாட்டார். நீங்கள் குடத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறீர்கள்."

அரசர் முகம் குன்றிமணியாகச் சிவந்தது. பிரதானிக்கோ உள்ளுக்குள் பாயசம் கொதித்தது. இத்தனை நாள் காத்திருந்த வேளை வந்துவிட்டதல்லவா!

"அரசே, கோபம் வேண்டாம்" என்றார் குழைந்து. "குடத்தை இகழ்ந்தவரையே குடம் சுமக்க வைப்போம். இனி குடம் எங்கே போனாலும் ஐயாறன் தலையில் போகட்டும். கேள்வியையும் அவரே கேட்கட்டும். மக்கள் சொன்னதை ஒரு சொல் மாற்றினாலும் நாட்டை விட்டுப் போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்!" என்றார் அரசர்.

ஐயாறன் ஒரு கணம் யோசித்தான். பிறகு பணிவாகக் கைகட்டிக் கேட்டான்: "ஒரு சந்தேகம் அரசே. இந்த ஆணை ஊர்க் காரியங்களுக்கு மட்டும்தானா? அரண்மனைக்குள் நடப்பதற்கு..."

"பார்த்தீர்களா, இப்போதே ஓட்டை தேடுகிறார்!" என்று பிரதானி குறுக்கே பாய்ந்தார். "சந்து பொந்து இல்லாமல் அடைத்துவிடுங்கள், அரசே!"

அரசர் சிம்மாசனத்தின் கைப்பிடியைத் தட்டினார். "சரி, கேட்டுக்கொள்ளுங்கள். சிறிதோ பெரிதோ, ஊரிலோ அரண்மனையிலோ, என் உடம்பைப் பற்றியதே ஆனாலும், குடத்தைக் கேட்காமல் ஒன்றும் நடக்கக் கூடாது. குடம் சொன்னதை மாற்றுகிறவர் யாராயிருந்தாலும் எல்லைக்கு அப்பால்!"

"யாராயிருந்தாலும்" என்று ஐயாறன் மெல்லத் திருப்பிச் சொன்னான். குடத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே போனான்.

வெளியே போனவனுக்கு வீராப்பெல்லாம் ஓடிப்போயிற்று. கிழக்கே மேகம் திரண்டிருந்தது. ஏதாவது செய்தாக வேண்டும், என்ன செய்வது என்று தெரியவில்லை. பெயர் வைத்த பிள்ளையின் முகம் கண்ணிலேயே நின்றது. மறுபடி குடத்தை வைத்து ஏரியைப் பற்றியே கேட்டால், 'ஒரு முறை சொன்ன தீர்ப்பை மாற்றுகிறான்' என்று பிரதானி அவனை எல்லைக்கு அனுப்பிவிடுவார். போன பிறகு கீழக்குடிக்காகப் பேச அந்தச் சபையில் யார் இருக்கிறார்கள்?

வழி காட்டியது ஒரு பொருவிளங்காய் உருண்டை.

அரசருக்கு அந்தப் பண்டத்தின் மேல் தனிப் பிரியம். நல்ல பாகில் பிடித்த உருண்டை கல்லைப் போல இருக்கும். சுவரில் அடித்தால் சுவர்தான் பெயரும். அரசர் அதை வாயில் போட்டு அதக்கித் தின்கிறவரில்லை, கடிப்பார். கடித்தார். வலப்பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல் ஏற்கெனவே சொத்தை. உள்ளே ஏதோ நறுக்கென்றது. அடுத்த நொடி அரண்மனை அதிர ஓர் அலறல்.

காலையில் கன்னம் கொழுக்கட்டையாக வீங்கியிருந்தது. வைத்தியர் சாம்பசதாசிவம் வந்தார். "எங்கே வலிக்கிறது, பிரபு?" என்று கேட்டார். அரசர் விரலை விட்டுத் தொட்டுக் காட்டினார். வைத்தியர் விளக்கைப் பிடித்துப் பார்த்துத் தலையசைத்தார்.

"பல் வேரோடு கெட்டுவிட்டது. பிடுங்கிவிட வேண்டும்."

"வேண்டாம், வேண்டாம்!" என்று அரசர் தலையணையைக் கட்டிக்கொண்டார்.

"பிடுங்காவிட்டால் சீழ் காதுக்கு ஏறும், பிரபு. அதற்கப்புறம் என் கையில் இல்லை."

கெஞ்சி, மிரட்டி, கடைசியில் அரசர் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தார். வைத்தியர் பல் பிடுங்கும் குறட்டைக் கையில் எடுத்தார். அரசர் உடம்புக்கு வைத்தியம் என்றால் சபையார் சாட்சியாக நிற்பது அந்த அரண்மனை வழக்கம். பிரதானி முதல் எல்லோரும் சுற்றி நின்றார்கள். குறடு பல்லைத் தொடப் போகும் நேரத்தில், "நிறுத்துங்கள்!" என்று ஒரு குரல். வாசலில் ஐயாறன் தலையில் குடத்தோடு நின்றான்.

"வைத்தியரே, நாடுகடத்தப்பட ஆசையா? அரசர் உடம்பைப் பற்றியதே ஆனாலும் குடத்தைக் கேட்காமல் ஒன்றும் நடக்கக் கூடாது என்பது ஆணை."

வைத்தியர் கையிலிருந்த குறடு கீழே விழுந்தது. அரசர் திறந்த வாயோடு பிரதானியைப் பார்த்தார். பிரதானி என்ன சொல்வார்? ஆணையில் சந்து பொந்தை அடைக்கச் சொன்னவரே அவர்தானே.

"சீக்கிரம் கேட்டுத் தொலை!" என்று அரசர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகினார்.

ஐயாறன் நேராகப் பூக்கடை வீதிக்குப் போனான். பிரதானி வைத்த அதே இடத்தில் குடத்தை வைத்தான். தண்டோராக்காரனை ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டுத் தானே கூவினான்:

"சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது! நம் மன்னருக்கு ஒரு பல் பிடுங்க வேண்டும். கடைவாய்ப் பல் பெரிது. வேர் ஆழம். பிடுங்கினால் ரத்தம் கொட்டும், உயிர் போகிற வலி. முன்பல் சிறியது. ஒரே இழுப்பில் வந்துவிடும். மன்னர் மேல் அன்புள்ளவர்களே, அவரை வதைக்காமல் முன்பல்லையே பிடுங்கிவிடச் சம்மதமா? சம்மதமானால் குன்றிமணி!"

வீதி கூடிவிட்டது. "அடப் பாவமே, சின்னதையே புடுங்கட்டும்யா" என்றார் ஒரு சந்தனக் கடைக்காரர்.

"மவராசன் தேருல நம்ம நிழலுக்காகத்தானே பாத்தாரு. அவரு வலி தாங்க மாட்டாரு" என்று கண் கலங்கியபடி ஒரு பூக்காரி, பூக்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கை நிறையக் குன்றிமணியை அள்ளிப் போட்டாள்.

'எந்தப் பல்லில் வலி?' என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்க இடம் வைத்துக் கேள்வி கேட்கப்படவில்லை. குடம் சிவப்பாக நிறைந்து வழிந்தது. அரசரைப் பார்க்கும் ஆசையில் பாதி வீதி மேளத்தோடு ஐயாறன் பின்னாலேயே அரண்மனைக்கு வந்துவிட்டது.

ஐயாறன் குடத்தை அரசர் காலடியில் கவிழ்த்தான். "மக்கள் தீர்ப்பு, அரசே. முன்பல்."

"என்னது?"

"முன்பல்லைப் பிடுங்கச் சொல்கிறார்கள். ஒரு புளியங்கொட்டைகூட விழவில்லை. வைத்தியரே, குறட்டை எடுங்கள்."

வைத்தியர் குறட்டோடு அருகில் வந்தார். அரசர் கட்டிலின் மேல் ஏறி நின்றுவிட்டார். "கிட்டே வராதே! வலிக்கிறது கடைவாயில், பிடுங்குவது முன்பல்லையா? என்ன பைத்தியக்காரத்தனம் இது!"

"குடம் சொன்னதை மாற்றுகிறவர் யாராயிருந்தாலும் எல்லைக்கு அப்பால், அரசே" என்று ஐயாறன் அசையாமல் சொன்னான். "புறப்படுங்கள். வழித்துணைக்கு நானும் வருகிறேன்."

"என் வாய்க்குள் இருக்கும் வலி அவர்களுக்கு எப்படித் தெரியும்? அவர்களில் ஒருவராவது என் வாயைத் திறந்து பார்த்தார்களா? யாருக்கு வலிக்கிறதோ அவனை விட்டுவிட்டு..." அரசர் பாதியில் நிறுத்தினார். கை கன்னத்தில் இருந்தபடியே இருந்தது.

பிரதானிக்கு ஆபத்து எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று புரிந்துவிட்டது. "அரசே, இது சதி! இவர் கேள்வியையே கோணலாகக் கேட்டிருக்கிறார். ரத்தத்தையும் வலியையும் மட்டும் சொல்லியிருக்கிறார். சொத்தையைச் சொல்லவேயில்லை. அப்படிக் கேட்டால் எவன் கடைவாயைச் சொல்வான்?"

"உங்களிடம்தான் கற்றுக்கொண்டேன், பிரதானி அவர்களே" என்றான் ஐயாறன். "நீங்கள் வெயிலையும் முதுகையும் மட்டும் சொன்னீர்கள். ஏரிக்கரை கசிவதைச் சொன்னீர்களா? நீங்கள் குடம் வைத்த இடத்தில்தான் நானும் வைத்தேன். நீங்கள் கேட்ட மாதிரியேதான் கேட்டேன். இப்போது நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். நான் கேட்ட விதம் சரியென்றால் அரசரின் முன்பல் போக வேண்டும். தவறென்றால் ஏரிக்குக் கேட்ட விதமும் தவறு. எது?"

அரசர் கட்டிலை விட்டு இறங்கினார். "சொல்லும் பூவராகரே. எது?"

அரசரின் முன்பல்லைப் பிடுங்கச் சொல்லிவிட்டு எந்த அமைச்சர் உயிரோடு வீடு போய்ச் சேருவார்? "தவறு... தவறுதான், அரசே" என்று பிரதானி முனகினார்.

"ஏன் அப்படிக் கேட்டீர்?"

பிரதானிக்குப் பதிலாக, வாசலில் நின்ற சந்தனக் கடைக்காரர் சொன்னார்: "கரும்புங்க மவராசா. ஏரிக்குள்ளாற பிரதானியாரு கரும்பு போட்டிருக்காரு. கரை ஒசந்தா முழுகிடுமில்ல?"

ஒருவர் வாய் திறந்தால் போதும், மற்றவர்களுக்குத் தைரியம் வந்துவிடும். ஆளாளுக்கு ஆமாம் ஆமாம் என்றார்கள். அரசர் ஐயாறன் பக்கம் திரும்பினார். குரலில் இன்னும் முறைப்பு இருந்தது.

"அப்படியானால் இனி மக்களைக் கேட்கவே கூடாது என்கிறாயா? என் இஷ்டத்துக்குத் தேரை விட்டு மறுபடியும் சேற்றில் இறக்கவா?"

"கேளுங்கள், அரசே. கேட்காமல் விட்டதால்தான் தேர் இறங்கியது. தோப்பு வீதிக்காரர் ஒருவரைக் கேட்டிருந்தால் சேறு இருக்கிறது என்று சொல்லியிருப்பார். வைத்தியர் உங்களிடம் என்ன கேட்டார்? எங்கே வலிக்கிறது என்று கேட்டார். அதற்குச் சரியான பதில் இந்த உலகத்தில் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். கேட்ட பிறகு பிடுங்கச் சொன்னது யார்? அவர். உங்களை விட்டிருந்தால் தலையணையைக் கட்டிக்கொண்டு படுத்திருப்பீர்கள். குடிகளிடம் போய் எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். வலிக்கிறவர்களிடம் கேளுங்கள். அப்புறம் குறடு உங்கள் கையில்தான் இருக்க வேண்டும்."

"பிடுங்கினால் ஏசுவார்களே!"

"ஏசத்தான் செய்வார்கள். எல்லோர் கண்ணிலும் பட்டு, எல்லோரிடமும் ஏச்சு வாங்கத்தானே சிம்மாசனத்தை அவ்வளவு உயரத்தில் போட்டிருக்கிறார்கள்? அது வேண்டாமென்றால் சொல்லுங்கள், இந்தக் குடத்தையே அங்கே உட்கார வைத்துக் கிரீடம் வைத்துவிடலாம். அதிரசமும் மிச்சம்."

ஐயாறன் தலை இருக்குமா போகுமா என்று அவனுக்கே தெரியவில்லை. ஆனாலும் அவன் கண்ணைத் தாழ்த்தவில்லை.

அரசர் ஆசனத்தில் போய் உட்கார்ந்தார். "வைத்தியரே" என்றார். "கடைவாய்ப் பல். நான் சொல்கிறேன். பிடுங்கும்."

வைத்தியர் பிடுங்கினார். அலறல் கோட்டை வாசல் வரை கேட்டது.

மறுநாள் அரசர், தாடையைச் சுற்றி உச்சந்தலையில் முடிச்சுப் போட்ட துணியோடு, கீழக்குடிக்கு நடந்தே போனார். பாதை மோசம்தான், ஆனால் நடக்க முடிந்தது. அங்கே போய், "உங்களுக்கு எங்கே வலிக்கிறது?" என்று கேட்டார். கூட்டம் பின்வாங்கியது. செங்கமலம் மட்டும் கைப்பிள்ளையோடு முன்னால் வந்து, அவரைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனாள்.

"இங்கதாங்க. காலை வச்சுப் பாருங்க."

அரசர் வைத்தார். கால் கணுக்கால் வரை இறங்கியது. அவர் காலை உருவவில்லை. அப்படியே நின்று கரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை பூக்கடை வீதியில் தண்டோரா இல்லை, குடமும் இல்லை. அரசரே வந்து நின்று பேசினார். "ஏரிக்கரை கசிகிறது. உடைந்தால் கீழக்குடி இருக்காது. வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும். வேலை கஷ்டம்தான், வெயிலும் கொளுத்தும். இது குடம் சொன்னதல்ல, நான் சொல்வது. தவறென்றால் என்னை ஏசுங்கள்."

ஏசினார்கள். ஏசிக்கொண்டே வந்தார்கள். முதல் மண் பிரதானியின் கரும்புத் தோட்டத்தில் வெட்டப்பட்டது. முதல் கூடை பிரதானியின் தலையில் ஏறியது. பூக்கட்டும் தொழிலாளி பொன்னப்பன் என்பவன் அரசர் எதிரிலேயே கூடையோடு நின்று பொரிந்து தள்ளினான்:

"ராசா, மறைச்சு வச்சுப் பேச எனக்குத் தெரியாது. பூவைத் தவிர வேற ஒண்ணும் தூக்காத ஒடம்பு இது. கழுத்து சுளுக்கிக்கிச்சு. காலையிலேருந்து ஒங்களைத்தான் திட்டிக்கிட்டு இருக்கேன்."

பக்கத்தில் நின்ற காவலன் பாய்ந்தான். அரசர் அவனைத் தடுத்தார். "திட்டு, பொன்னப்பா. வாய் வலிக்கும்வரை திட்டு. கூடையை மட்டும் கீழே போட்டுவிடாதே."

பொன்னப்பன் போடவில்லை. திட்டியபடியே கரை ஏறினான்.

ஐப்பசி பிறந்தது. மழை இறங்கியது. ஏரி நாளுக்கு நாள் ஏறி, புதிதாக உயர்த்திய கரையின் விளிம்புக்கு ஒரு முழம் கீழே வந்து நின்றது. பழைய கரையாக இருந்திருந்தால் தண்ணீர் அதன் மேலே வழிந்திருக்கும். வடக்கு மூலையில் மட்டும் அலை மோதி மண்ணைக் கரைத்துக்கொண்டிருந்தது. கொட்டுகிற மழையில் மேட்டு வீதியும் கீழக்குடியும் வரிசையாக நின்று அங்கே கூடை மாற்றிக்கொண்டிருந்தன. யாரும் யாரையும் அழைக்கவில்லை. ஏசிக்கொண்டு வந்தவர்களுக்கு இப்போது அது தாங்கள் கட்டிய கரை.

அரசர் வந்து பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். கீழே பள்ளத்தில் புகை எழும் கூரைகளைப் பார்த்தார். அவர் கண் நிறைந்துவிட்டது. சேற்றில் முக்கியெடுத்தது போல நின்றிருந்த ஐயாறனைக் கிட்டே அழைத்து, தம் தோளிலிருந்த ஜரிகைப் பட்டுப் பொன்னாடையைக் கழற்றினார். அந்த வம்சத்தில் அரசர் தம் பொன்னாடையைக் கழற்றிப் போர்த்துவது போர் வென்ற தளபதிகளுக்கு மட்டும்தான்.

"ஐயாறா, சபையில் நீ என்னை அவமானப்படுத்தினாய். அதற்கு இதுதான் தண்டனை" என்று சொல்லி எல்லோரும் பார்க்க அவனுக்குப் போர்த்தினார்.

ஐயாறன் கும்பிட்டு வாங்கிக்கொண்டான். பொன்னாடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அதை உருவி, முறுக்கி, வட்டமாகச் சுருட்டித் தலையில் சும்மாடாக வைத்துக்கொண்டான்.

"நல்ல கனமான பட்டு, அரசே. கூடை உறுத்தாது. கொஞ்சம் தூக்கிவிடுங்கள், மூலை கரைகிறது."

மழையில் நின்றிருந்த அமைச்சர்கள் நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். அரசர் சிரித்தார். பிடுங்கிய பல்லின் பள்ளம் தெரிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே குனிந்து சேற்றுக் கூடையைத் தூக்கி அவன் தலையில் ஏற்றினார். வரிசையில் அடுத்த கூடை அவர் எதிரில் வந்து நின்றது. அதைச் சுமக்க ஆள் இல்லை.

அரசர் தம் தலைப்பாகையை அவிழ்த்துச் சுருட்டத் தொடங்கினார்.